குலுக்கிக் கொடுத்த முட்டை

சின்னாண்டிபுதூரில் கிளிமூக்குச் சேவல் வளர்ப்பவர்கள் முட்டை கேட்டு வந்த யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை, குலுக்காமல் கொடுத்ததும் இல்லை. கேட்டவர் சம்பந்தியாக இருந்தாலும், கூடப்பிறந்தவராக இருந்தாலும் அதுதான் வழக்கம். சிரித்த முகத்தோடு புழக்கடைக்குப் போவார்கள், வந்தவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு முட்டையைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பிடித்துக் காதோரம் உயர்த்துவார்கள், பூட்டில் சாவியைத் திருகுவது போல மணிக்கட்டைத் திருகுவார்கள், உள்ளே கரு கழன்று களக் என்று ஒரு சத்தம் வந்ததும் நிறுத்திவிட்டு, நல்ல வித்து, பார்த்து அடை வையுங்கள் என்று இரண்டு கையாலும் கொடுப்பார்கள். வாங்குகிறவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். மூன்று வாரம் கழித்து அது கூமுட்டையாகப் போனதும், இடி இடித்திருக்கும், அதுதான் முட்டை கெட்டுவிட்டது என்று கொடுத்தவர் சொல்வார், ஆமாம் இடிதான் என்று வாங்கியவரும் சொல்வார். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லாத மாசியிலும் பங்குனியிலும்கூட அந்த ஊரில் முட்டைகள் இடியால்தான் கெட்டன. இடிக்குக் காவலாக அடைக்கோழியின் பக்கத்தில் இரும்புத் துண்டு வைத்த வீடுகளிலும் அப்படித்தான்.

திருமலைச்சாமி அந்த வழக்கத்தைத் தன் அப்பாவிடமிருந்து கோழிகளோடு சேர்த்து வாங்கிக்கொண்டவர். கிளியின் மூக்குப் போல வளைந்து இறங்கிய அலகும், வெள்ளை முழியும், நடக்கும்போது தரையைப் பெருக்கிக்கொண்டே வரும் வாலும் உள்ள அந்தக் கருங்கீரி நிறத்து வர்க்கம் அவருடைய புழக்கடையைத் தவிர வேறெங்கும் இல்லை. இல்லாமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். நூல் மில்லின் கேட்டில் வாட்ச்மேனாக நின்று, ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் சாப்பாட்டுப் பைகளைத் திறந்து பார்ப்பது அவர் வேலை. ஒன்றுமில்லை அண்ணே என்று எல்லோருடைய வாயும் சொல்லும், அதனால் வாயைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கண்டு வைத்திருந்த சூத்திரம். அந்தச் சூத்திரத்தை அவர் மில்லோடு விட்டுவிட்டு வரவில்லை. கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணத்தை நீட்டுகிறவரின் கையைப் பார்த்தார், கோயிலில் திருநீறு கொடுக்கிற கையைப் பார்த்தார், மனைவி வேலுத்தாய் சோறு போடுகிற கையையும் சில நாள் பார்த்திருக்கிறார். தன் கையை மட்டும் பார்த்ததில்லை. அது தன்னோடுதானே இருக்கிறது என்று நினைத்திருந்தாரோ என்னவோ.

வேலுத்தாயின் தம்பி நாச்சிமுத்து, சந்துக்கு எதிர் வரிசையில் வீட்டோடு சேர்த்துக் கிரில் பட்டறை வைத்திருப்பவன், ஒரு நாள் அக்காவைத் தூது விட்டு ஒரு முட்டை கேட்டான். திருமலைச்சாமி மறுக்கவில்லை. புழக்கடைக்குப் போனார், முதுகைக் காட்டி நின்றார், காதோரம் உயர்த்தினார், திருகினார். பக்கத்தில் அவருடைய பெரிய சேவல், ஊர்க்காவல்காரனைப் போல நடப்பதால் தலையாரி என்று பெயர் வாங்கியது, வேலியோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே அடுப்படியில் வேலுத்தாய் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அவர் முட்டையோடு வெளியே வந்தபோது முந்தானையில் வாங்கிப் பொதிந்துகொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள்.

அதே மாதம் ஊருக்குள் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வந்தது. திருமலைச்சாமியின் பெட்டைகள் ஒவ்வொன்றாகக் கழுத்தை முறுக்கிக்கொண்டு படுத்தன, குஞ்சுகள் அதற்கும் முன்னாலேயே போய்விட்டன, இட்டு வைத்திருந்த முட்டைகளும் அழுகின. தலையாரி ஒன்றுதான் மிஞ்சியது. பெட்டை இல்லாத சேவல் என்பது ஒரு வர்க்கத்தின் கடைசி ஆள். அப்பாவின் அப்பா காலத்திலிருந்து வந்த ரத்தம் தன் கையில் முடியப்போகிறது என்று நினைத்தபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை. உயிரோடு இருக்கக்கூடிய ஒரே ஒரு முட்டை எதிர் வீட்டில் இருந்தது, அதையும் தான் என்ன செய்து அனுப்பினோம் என்பது அவருக்குத் தெரியும். நாச்சிமுத்துவின் நாட்டுக்கோழி அடையிலிருந்து எழுந்து தன் சொந்தக் குஞ்சுகளோடு குப்பை கிளறப் போய்விட்டது என்றும், அந்த ஒரு முட்டை மட்டும் பொரிக்கவில்லை என்றும் வேலுத்தாய் வந்து சொன்னாள். இடி இடித்திருக்கும் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார், அன்று அந்தச் சொல் வரவில்லை.

கூமுட்டையைக் குப்பையில் எறிவதற்காக நாச்சிமுத்து அதைக் கையில் எடுத்த காலையில் முட்டை கூவியது.

குஞ்சின் சத்தமில்லை அது. நெஞ்சு விரிந்த ஒரு முழுச் சேவலின் கூவல், மூன்று எடுப்பாக ஏறி, கடைசியில் தாழ்ப்பாள் விழுவது போல ஒரு விக்கலில் முடிந்தது. சந்தில் எல்லோருக்கும் அந்த விக்கல் தெரியும், தலையாரியினுடையது. அதே நேரத்தில் திருமலைச்சாமியின் புழக்கடையில் தலையாரி சிறகைத் தட்டி, கழுத்தை நீட்டி, அலகை அகலத் திறந்து நின்றது. அதன் தொண்டை ஏறி இறங்கியது, ஒரு சத்தமும் வரவில்லை. அது வாயை மூடியபோது எதிர் வீட்டில் கூவல் முடிந்தது.

திருமலைச்சாமி சட்டை போடாமல் எதிர் வீட்டுக்குப் போனார். நாச்சிமுத்து கோழிப் பஞ்சாரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"வாங்க மாமா. உங்க முட்டை கூவுது," என்றான், தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

"அது என் சேவல் சத்தம் மாப்ள."

"அதான் நானும் கேக்கணும்னு இருந்தேன். என்னத்தப் பண்ணிக் குடுத்தீங்க?"

 என் சேவலின் தொண்டையை என்ன செய்தாய் என்று கேட்கத்தான் வந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள், பிறகு நாச்சிமுத்து முட்டையைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டான்.

முட்டை கூவியது பற்றி ஊர் அதிகம் யோசிக்கவில்லை. கூவட்டும், சேவலின் வேலை கூவுவது, அது எங்கே உட்கார்ந்து கூவினால் என்ன என்று இரண்டு நாளில் பழகிவிட்டார்கள். நாச்சிமுத்து அதை வைக்கோல் போட்ட ஒரு மண்சட்டியில் வைத்து, வெல்டிங் போடுகிற இடத்தின் சூட்டுக்குப் பக்கமாக வைத்திருந்தான். கால்நடை மருந்தகத்திலிருந்து வந்த உதவியாளர் காதுக் குழாயை ஓட்டின் மேல் வைத்துக் கேட்டுவிட்டு, சேவலுக்கு நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, பூச்சி மருந்து ஒரு வேளை கொடுக்கலாம், எப்படிக் கொடுப்பது என்றுதான் யோசிக்க வேண்டும் என்று சொல்லிப் போனார். டீக்கடை அமீர் பாய் ஆம்லெட்டுக்கு எடுத்த ஒவ்வொரு முட்டையையும் காதில் வைத்துக் கேட்டு, இது வாயில்லாதது என்று சொன்ன பிறகே உடைத்தார். அப்படிக் கேட்காமல் உடைத்த ஆம்லெட்டை யாரும் சாப்பிடவில்லை. சத்துணவுக் கூடத்தில் முட்டை வேகவைக்கும் பெண்கள் கொப்பரைக்கு முன்னால் வரிசையாக நின்று காதில் வைத்து வைத்துப் போட்டார்கள், அதனால் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு மணி தாமதமாக அடித்தது. சந்துக்குள் போகிறவர்கள் எல்லோரும் தலையை ஒரு பக்கம் சாய்த்தபடியே நடந்தார்கள்.

வேறொன்றும் நடந்தது, அதைத்தான் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. கிளிமூக்கு வளர்க்கிறவர்கள், தாங்கள் கொடுத்ததும் எங்காவது கூவிவிடுமோ என்று, எந்தெந்த வீட்டுக்கு முட்டை கொடுத்தோம் என்று நினைவுபடுத்திக்கொண்டு, வாழைப்பழச் சீப்போடு அந்த வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்பார்கள், அந்த முட்டையை அப்போது எந்தப் பக்கம் எறிந்தீர்கள் என்று போகிற போக்கில் கேட்பார்கள். இவர்கள் போன பிறகு அந்த வீட்டுக்காரர்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குப்பைக்குழிக்குப் போவார்கள். ஏன் தேடி வந்தார்கள் என்று வாங்கியவர்களுக்குத் தெரிந்துவிட்டால், முட்டை எதனால் கெட்டது என்பதும் தெரிந்துவிடும். அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தினார்கள், சம்பந்திகள் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்கவில்லை. இடி என்கிற சொல்லே ஊரில் இல்லாமல் போயிற்று. ஐப்பசியில் நிஜமான இடி இடித்தபோது, அவரவர் வீட்டுக்குள் அவரவர் தலையைக் குனிந்துகொண்டு, கேட்காதது போல உட்கார்ந்திருந்தார்கள்.

திருமலைச்சாமிக்கு எல்லோர் மேலும் சந்தேகம் வந்தது. நாச்சிமுத்து தன் சேவலுக்கு ஏதோ செய்துவிட்டான் என்று முதலில் நினைத்தார். பிறகு வேலுத்தாய் போகிற வழியில் அந்த முட்டைக்குப் பதிலாகக் குலுக்காத ஒன்றை மாற்றிவிட்டாளோ என்று நினைத்தார், மாற்றியிருந்தால் நல்லதுதானே என்றும் நினைத்தார், அப்படி நினைக்கிற தான் எப்படிப்பட்ட ஆள் என்றும் நினைத்தார். அன்றைக்குப் புழக்கடையில் களக் என்ற சத்தம் வந்ததா, வந்ததாக வழக்கத்தில் எண்ணிக்கொண்டோமா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியவில்லை. ஒரு மனிதன் தன் கை செய்ததற்குத் தானே சாட்சி இல்லையென்றால் வேறு யார்? சாப்பிடும்போது ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"நீ உன் தம்பிகிட்ட ஏதாச்சும் சொன்னியா?"

வேலுத்தாய் குழம்புக் கரண்டியை நிறுத்தினாள். "எதப் பத்தி?"

எதைப் பற்றி என்று சொல்ல வேண்டுமானால் தான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். அவர் மேற்கொண்டு சோற்றைப் பிசைந்தார். அவள் குழம்பை ஊற்றினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார்.

தை பிறந்த பிறகு முட்டையின் குரல் கம்மத் தொடங்கியது. மூன்று எடுப்பு இரண்டானது, விக்கல் மட்டும் தனியாக வந்து விழுந்த காலைகளும் உண்டு. ஓட்டில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. உள்ளே இருப்பது வெளியே வரத் தவிக்கிறது, யாராவது பக்குவமாக ஓட்டைப் பிரித்து எடுக்க வேண்டும், அந்தப் பக்குவம் ஊரிலேயே திருமலைச்சாமிக்குத்தான் உண்டு என்பது நாச்சிமுத்துவுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கையில் எப்படிக் கொடுப்பது? திருமலைச்சாமியோ அந்த விக்கல் ஒவ்வொரு காலையும் மெலிவதைக் கேட்டு, தன் புழக்கடையில் வாயைத் திறந்து திறந்து மூடும் சேவலைப் பார்த்து, மில்லுக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டார். அந்த முட்டை போனால் எல்லாம் போயிற்று.

கடைசியில் நாச்சிமுத்துதான் ஆள் அனுப்பினான். அமீர் பாய் கடை முன்னால் வைத்துக் கொடுக்கிறேன், நாலு பேர் பார்க்கட்டும் என்றான். காலை வெயிலில் சந்தே வந்து நின்றது. வேலுத்தாயும் வந்து ஒரு ஓரமாக நின்றாள். நாச்சிமுத்து மண்சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான்.

"மாமா, பழச எல்லாம் நான் கேக்கல. நீங்க அன்னிக்கு இதக் குலுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க. குஞ்சு உங்களது."

குலுக்குவது என்கிற சொல் அதுவரை அந்த ஊரில் யாரும் வெளியே சொல்லாதது. கூட்டத்தில் இருந்த மற்ற கிளிமூக்குக்காரர்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். அமீர் பாய் பால் பொங்குவதைக் கவனிக்கப் போனார். திருமலைச்சாமி மில் கேட்டை நினைத்தார், ஒன்றுமில்லை அண்ணே, ஒன்றுமில்லை அண்ணே என்று கடந்து போன வாய்களை எல்லாம் நினைத்தார். ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் வர்க்கம் பிழைக்கும், மச்சான் உறவு பிழைக்கும், ஓரமாக நிற்கிறவளும் தலை நிமிர்ந்து நிற்பாள். நிஜத்தைச் சொன்னால் யாருக்கு என்ன லாபம்?

"குலுக்கல மாப்ள," என்றார். "நல்லாத்தான் குடுத்தேன்."

நாச்சிமுத்துவின் முகம் தெளிந்தது. பின்னால் யாரோ, அதான் பார்த்தேன், சொந்த மச்சானுக்கா செய்வார் என்றார்கள். ஒரு கிழவர், எப்படியோ ஊருக்கு நல்ல பேர் என்று துண்டை உதறித் தோளில் போட்டார். நாச்சிமுத்து முட்டையை எடுத்து நீட்டினான். திருமலைச்சாமி அதை வாங்கினார், எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சூடு உள்ளங்கையில் படுகிறது என்று அவருக்குக் கண் கலங்கியது, உள்ளே உயிர் எப்படி இருக்கிறது என்று கேட்க அதைக் காதோரம் உயர்த்தினார், இப்போதெல்லாம் ஊரே செய்கிற காரியம்தான், யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. முட்டை காதோரம் வந்ததும், கட்டைவிரலும் நடுவிரலும் தாமாகவே தங்கள் இடத்துக்குப் போய் நின்றன, அப்பாவிடமிருந்து வந்த மணிக்கட்டு, அவரைக் கேட்காமல், பூட்டில் சாவியைத் திருகுவது போல ஒருமுறை திருகியது.

களக்.

அத்தனை பேருக்கும் கேட்டது. திருமலைச்சாமி தன் கையைப் பார்த்தார். எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமீர் பாயின் அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகும் வாசனை வந்தது. நாச்சிமுத்து நிமிர்ந்து மேலே பார்த்தான், ஒரு துளி மேகம் இல்லாமல் வானம் வெளுத்துக் கிடந்தது.

"இடி இடிச்சிருச்சு மாமா," என்றான், மெதுவாக.

 வேலுத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முட்டையை எடுத்து, முந்தானையில் பொதிந்து இடுப்போடு அணைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குள் போனாள். அன்று இரவு வீட்டுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. காலையில் தலையாரி வாயைத் திறந்து மூடியது, எதிர் வீட்டிலிருந்தும் ஒன்றும் கேட்கவில்லை. சந்தில் இருந்தவர்கள் விடிந்ததா இல்லையா என்று தெரியாமல் வெகுநேரம் பாயில் படுத்திருந்தார்கள். திருமலைச்சாமி தானே அரிசி கழுவினார், கழுவுகிற கையைப் பார்த்தார், அது யாருடைய கை என்று யோசித்தார்.

வேலுத்தாய் அதை எப்படி வைத்திருந்தாள், எதைக் கொண்டு சூடு காட்டினாள் என்பது அந்த வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு நாள் மாலை அவள் தன் துணிப்பையோடு திரும்பி வந்தாள், அடுப்பைப் பற்ற வைத்தாள், அவர் கேட்காமலே ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"பெட்ட."

அந்தப் பெட்டைக் குஞ்சு கருங்கீரி நிறத்தில், வளைந்த அலகோடு, வெள்ளை முழியோடு நாச்சிமுத்துவின் பட்டறையில் இரும்புத்தூளைக் கிளறிக்கொண்டு வளர்ந்தது. வளர்ந்ததும் தினமும் காலையில் தலையாரியின் குரலில் கூவியது, மூன்று எடுப்பும் ஒரு விக்கலும். பெட்டை கூவுவது ஆகாது என்று சொல்லக்கூடியவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள், ஆனால் முட்டை கூவியபோது சும்மா இருந்த வாயை இப்போது எப்படித் திறப்பது என்று அவர்களும் பேசாமல் இருந்துவிட்டார்கள். ஊர் மறுபடியும் நேரத்துக்கு எழுந்தது.

பெட்டைக்குப் பருவம் வந்தபோது நாச்சிமுத்து சந்தின் நடுவில் வந்து நின்றான், வாசலுக்கு வரவில்லை. தலையாரியைச் சாயங்காலம் சாயங்காலம் அனுப்ப முடியுமா என்று கேட்டான். அந்த ரத்தத்துக்கு வேறு சேவல் இல்லை, இந்த ரத்தத்துக்கு வேறு பெட்டை இல்லை, இது இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். அனுப்ப மாட்டேன், நானே கொண்டுவருகிறேன் என்றார் திருமலைச்சாமி. தினமும் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அது பெட்டையோடு இருக்கிற வரை பட்டறையின் ஒரு மூலையில் அவரும் எதிர் மூலையில் நாச்சிமுத்துவும் உட்கார்ந்திருப்பார்கள். சேவலை வைத்துக்கொள்வானோ என்று இவரும், பெட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று அவனும் கண்ணை எடுக்க மாட்டார்கள். இடையில் வேலுத்தாய் இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வைப்பாள். ஒருவர் குடித்த பிறகுதான் மற்றவர் குடிப்பார்.

பெட்டை முட்டையிட்டது. மாமாவின் பங்காக ஒன்று கொடுப்பதாக நாச்சிமுத்து அக்காவிடம் சொல்லியிருந்தான். அன்று திருமலைச்சாமி வாசலில் நின்று சந்தின் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக் கதவு திறந்திருந்தது, உள்ளே நாச்சிமுத்து கூடையிலிருந்து முட்டையை எடுப்பது தெரிந்தது. எடுத்து, வெளிச்சத்துக்கோ எதற்கோ, அந்தப் பக்கம் திரும்பினான். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு முதுகு. ஒரு மூச்சு நேரம் அந்த முதுகு அப்படியே நின்றது. பிறகு திரும்பி, நல்ல வித்து என்று அக்காவிடம் சொல்வது கேட்டது, இரண்டு கையாலும் கொடுப்பது தெரிந்தது.

வேலுத்தாய் முந்தானையில் பொதிந்து கொண்டுவந்து நீட்டினாள். ஒரே ஒரு காரியம் செய்தால் போதும். காதோரம் உயர்த்தினால், அது களக் என்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். மச்சான் எப்படிப்பட்டவன், வீட்டுக்காரி எந்தப் பக்கம், எல்லாம் தெரிந்துவிடும். அவர் முட்டையை வாங்கினார். வலது கை மெல்ல எழும்பியது. தோள் வரை வந்த அதை இடது கையால் மணிக்கட்டில் பிடித்து நிறுத்தினார். உயர்த்தினால் அது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

"காதுல வைக்காதீங்க," என்றாள் வேலுத்தாய். "இத்தன வருசம் நீங்க பொழக்கடைக்குப் போனா நான் அடுப்பப் பாத்துத் திரும்பிக்குவேன். இன்னிக்குத் தம்பி முட்டைய எடுக்கறப்ப நான் திரும்பல."

இடது கையால் வலது கையைப் பிடித்தபடியே அவர் புழக்கடைக்கு நடந்தார், இரவல் வாங்கிக் கட்டியிருந்த அடைக்கோழியின் கீழே முட்டையைத் தள்ளி வைத்தார். கோழி ஒருமுறை முனகி, சிறகைச் சரித்து அதை மூடிக்கொண்டது. இனி மூன்று வாரத்துக்கு ஒன்றும் தெரியாது. மேற்கே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது, மலைப்பக்கம் எங்கேயோ உருண்டு முழங்கியது. தலையாரி வேலியோரம் நின்று அந்தப் பக்கம் கழுத்தை நீட்டிக் கேட்டது. வேலுத்தாய் உள்ளே போய், பட்டறையிலிருந்து எப்போதோ கொண்டுவந்து வைத்திருந்த ஒரு இரும்பு ஆணியை எடுத்துவந்து, அடைக்கோழிக்குப் பக்கத்தில் வைக்கோலுக்குள் செருகினாள்.

"இடிக்கு," என்றாள்.

அவர் தலையாட்டினார். மழை வருகிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார், ஒரு கையை இன்னொரு கை விடாமல் பிடித்திருந்தது.